மானுக்கு எந்த ரவை?

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். இதை எழுதுகிற நான் மான் சுட்டதில்லை, சுடப் போவதுமில்லை. மான்கறி என்ன ருசி என்றும் தெரியாது. தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் வனத்துறைக்குப் போன் போட வேண்டாம், ப்ளீஸ். இந்தியாவில் மான் வேட்டை குற்றம் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 1998ல் ஜோத்பூர் பக்கம் வெளிமான் சுட்ட வழக்கில், 2018ல் சல்மான் கானுக்கு ஐந்து வருடம் தீர்ப்பு சொன்னபோது எல்லா சேனலிலும் அதைத்தானே ஓட்டினார்கள்.

ஆனால் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே வேட்டை முழுசாக நின்றுவிடவில்லை. சில மிருகங்களை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுட அதில் வழி இருந்தது. 1991ல் வந்த திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது. அதனால் நம் தாத்தாக்கள் தலைமுறையில், "மானுக்கு எந்தக் குண்டு போடணும்?" என்பது ரகசியமாகக் கேட்கிற கேள்வி இல்லை. மல்லாட்டைக்கு என்ன உரம் என்பது மாதிரி சாதாரணமாகக் கேட்பார்களாம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது 2020ல். கொரோனா, லாக்டவுன், நான் பத்தாவது. பென்சில்வேனியாவில் இருக்கிற என் பெரியப்பா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டான். வழக்கமாக ஆயாவிடம் "சாப்டியா, குளுருதா" என்று ஓடும் கால். அன்றைக்கு அவன் நேராகத் தாத்தாவைக் கேட்டான். "தாத்தா, உங்க காலத்துல மானுக்கு எந்தக் குண்டு போடுவீங்க?"

தாத்தா கேட்ட எதிர்க் கேள்வி: "எவ்ளோ தூரத்துல நிக்குது?"

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே அது சட்டப்படி நடப்பது. வெள்ளைவால் மான் அங்கே அவ்வளவு இருக்கிறது, சோளக்கொல்லையை மேய்கிறது, ரோட்டில் காரில் வந்து முட்டுகிறது. சீசன், லைசென்ஸ், ஆளுக்கு இத்தனை மான் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தை வனவிலங்குகளுக்கே செலவு செய்கிறார்கள். 1937லிருந்து அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நமக்குக் கேட்க விநோதமாக இருந்தாலும் அந்த ஊர் நிலவரம் அது.

பிரச்சினை என்னவென்றால், 2020ல் அங்கே தோட்டா கிடைக்கவில்லை. கொரோனா பயம், தெருக் கலவரம், தேர்தல் என்று எல்லாம் சேர்ந்து ஜனங்கள் துப்பாக்கி வாங்கிக் குவித்தார்கள். துப்பாக்கி வாங்குபவரைச் சரிபார்க்கிற எஃப்.பி.ஐ. கணக்கில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 கோடியே 96 லட்சம் விசாரணைகள் பதிவாகின. அதே வருடம் ஜூலையில் ரெமிங்டன் கம்பெனி திவால் மனு போட்டது. அதன் தோட்டாத் தொழிலை விஸ்டா அவுட்டோர் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. மீதி கம்பெனிகள் எது அதிகம் விற்கிறதோ அதைத்தான் ஓட்டின, அதாவது கைத்துப்பாக்கித் தோட்டா. வருஷத்தில் ஒரு சீசனுக்கு மட்டும் விற்கிற மான் தோட்டாவுக்கு மெஷினை மாற்ற யாருக்கும் நேரமில்லை. கடையில் அலமாரி காலி. வந்தாலும் ஆளுக்கு ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் என்று ரேஷன். நம்ம ஊர் ரேஷன் கடை க்யூ அமெரிக்காக்காரனுக்கும் வந்ததே என்று அப்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் :-)

அந்த வெள்ளைக்காரரிடம் இருந்தது பழைய .30-30 துப்பாக்கி. கைவசம் பதினொரு தோட்டா. அவர் முன்னால் மூன்று வழி. ஒன்று, அந்தப் பதினொன்றை வைத்தே சமாளிப்பது. இரண்டு, கடையில் கிடைக்கிற வேறு கம்பெனி, வேறு எடையுள்ள தோட்டாவை வாங்குவது. மூன்று, நண்பர் ஒருவர் தருவதாகச் சொன்ன ராணுவ மாதிரித் தோட்டாவும் அதற்கான துப்பாக்கியும்.

எதைப் போட்டால் என்ன, எல்லாம் குண்டுதானே என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. துப்பாக்கியின் குறிமுள் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்குப் பழக்கப்பட்டிருக்கும். எடை மாறினால், மருந்து மாறினால், குண்டு போய் விழுகிற இடமும் மாறும். நூறு கஜத்தில் அது நாலு விரற்கடை தள்ளிப் போனால் போதும், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும். வயிற்றில் பட்ட மான் விழாது. ஓடும். எங்கேயோ புதரில் படுத்து ஒரு ராத்திரி முழுக்கச் சாகும். அதனால் தோட்டா மாற்றினால் முதலில் அட்டையில் சுட்டுப் பார்த்துக் குறிமுள்ளைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கே அஞ்சாறு தோட்டா செலவாகிவிடும். பஞ்சகாலத்தில் அதற்கு எங்கே போவது?

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ராணுவத் தோட்டாவின் குண்டு ஈயத்தின் மேல் முழுக்கச் செம்பு உறை போட்டது. உடம்புக்குள் போனால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். வேட்டைக் குண்டு வேறு. அதன் மூக்கில் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் காளான் மாதிரி விரியும். விரிந்தால் காயம் பெரிசு, மிருகம் அங்கேயே விழும். அதனால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் மானுக்கு விரிகிற குண்டுதான் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இந்த விரிகிற குண்டுக்கு இங்கிலீஷில் ஒரு பழைய பெயர்: டம்டம். ஆமாம், கல்கத்தா ஏர்போர்ட் இருக்கிற அதே டம்டம். 1890களில் அங்கே இருந்த பிரிட்டிஷ் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி-க்ளே என்பவர் ராணுவத்துக்காக மூக்குத் திறந்த குண்டு ஒன்றைச் செய்தார். வடமேற்கு எல்லைச் சண்டைகளில் சாதாரண குண்டு பட்டும் எதிராளி விழாமல் ஓடி வருகிறான் என்பது அவர்கள் குறை. அது மனிதத்தன்மையற்றது என்று மற்ற நாடுகள் எதிர்த்து, 1899ல் ஹேக் நகரத்தில் கூடி, உடம்புக்குள் விரிகிற குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தன.

அதாவது ஒரே குண்டு. மனிதன் மேல் சுட்டால் கொடுமை, தடை. மான் மேல் சுட்டால் அதுதான் கருணை, கட்டாயம். மனிதனைச் சுடும்போது அவன் காயத்தோடு பிழைக்கட்டும் என்று நினைக்கிறோம். மானுக்கு ஆஸ்பத்திரி கிடையாதே. நான் இதை க்ளாஸில் சொன்னபோது ஒருத்தன், "அப்போ மானை ஏன்டா சுடணும்?" என்றான். நல்ல கேள்விதான். சுடாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. (இதைப் படிக்கிற க்ளாஸ்மேட்ஸ் வாயைப் பிளக்க வேண்டாம்.) கொள்ளுத்தாத்தா காலத்து ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, முறையான லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும். குழலின் வாய் வழியாகவே மருந்து, ரவை எல்லாம் போட்டுக் கெட்டிக்கிற வகை. கொல்லையில் மல்லாட்டை போட்டால் பன்றி வந்து கிளறும், அதை விரட்ட வாங்கியது. எனக்குத் தெரிந்து அது வெடித்ததே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2024ல் ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல், அது முடிந்த கையோடு ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல். "இது நம்ம வூட்டு துப்பாக்கியா, ஸ்டேஷன் துப்பாக்கியா?" என்று ஆயா கிண்டல் அடிக்கும்.

இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதலில் மருந்து, அதன் மேல் தேங்காய் நார், அதன் மேல் ரவை, மறுபடியும் நார் என்று வரிசையாகக் கம்பியால் கெட்டித்தாகிவிட்டால், பிறகு எடுப்பது லேசில்லை. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். ஆகையால் எந்த மிருகத்துக்கு எந்த ரவை என்ற முடிவை வீட்டுத் திண்ணையிலேயே எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கவுதாரிக்கு என்று சின்ன ரவை போட்டுக்கொண்டு போய், எதிரில் மான் வந்து நின்றால்? அங்கேதான் சோதனை.

ரவைக்குக் கணக்கு இருக்கிறது. கடைத் தோட்டாவில் நம்பர் ஏற ஏற ரவை சின்னதாகும். 12 போர் தோட்டாவில் ஆறாம் நம்பர் ரவை என்றால் உள்ளே சுமார் முந்நூறு இருக்கும், ஒன்றின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. எல்.ஜி. என்கிற பெரிய ரவை என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒன்று நாலரை கிராம். (நம்ம நாட்டில் இந்தத் தோட்டா பூனா பக்கத்துக் கட்கி தொழிற்சாலையில் தயாராகிறது. பிராண்டு பெயர் 'சக்திமான்'. மானுக்கு எமனாக வந்ததற்கு என்ன பெயர் பாருங்கள்.) நான் பிசிக்ஸ் படிக்கிற பையன் என்பதால் ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், சின்ன ரவை ஒன்றின் ஆற்றல் 3 ஜூல். பெரிய ரவை 140 ஜூல். இதில் சின்ன ரவைக்குக் காற்றின் தடையும் அதிகம், முப்பது நாற்பது கஜம் போவதற்குள் பாதி வேகம் செத்துவிடும். அறுபது எழுபது கிலோ இருக்கிற புள்ளிமான் கிடாவுக்கு அது தோலைத் தாண்டி ஒரு விரற்கடை போனால் அதிகம்.

தாத்தாவுக்கு ஜூல் தெரியாது. ஆனால் இதே கணக்கு தெரியும். "சின்னது பட்டா மானுக்கு முள்ளு குத்துன மாதிரி. நூறு முள்ளு குத்துனா என்னா ஆவும்? அதான்."

அந்தக் காலத்தில் எல்லாமே தட்டுப்பாடு. மருந்து இவ்வளவுதான் வாங்கலாம் என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். அடியில் செருகுகிற கேப்பு பாண்டிச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ போய்த் தேட வேண்டும். ஈயம் கிடைக்காது. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை மரக்காணம் பக்கத்து ஆட்களிடம் கேட்டு வாங்கி உருக்குவார்களாம். அதுவும் இல்லாவிட்டால் சைக்கிள் கடை பால்ரஸ். பேப்பரில் 'பால்ரஸ் குண்டு பறிமுதல்' என்று இன்றைக்கும் வருகிறதே, அதே சரக்கு. ஈயம் மெத்து, குழலை உறுத்தாது. எஃகு உருண்டை உள்பக்கத்தைக் கீறிக்கொண்டே போகும். பத்து தடவை சுட்டால் குழல் கெட்டுவிடும், வெடித்துக் கையில் பட்டாலும் ஆச்சரியமில்லை. ஜிம் கார்பெட் சின்ன வயசில் வைத்திருந்த துப்பாக்கிகூட ஒரு குழல் பிளந்து, பித்தளைக் கம்பியால் கட்டியதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். நல்ல குழல் இன்னொன்று இருந்ததால் பிழைத்தார்.

இந்த வித்தையில் கில்லாடிகள் நரிக்குறவர்கள்தான். வளவனூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்து தங்குவார்களாம். தாத்தாவுக்குக் கெட்டிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அதில் ஒரு பெரியவர். மருந்தைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தே அளவு சொல்வாராம். ஒரு ரவையை வீணாக்க மாட்டார், கிட்டப் போகாமல் சுட மாட்டார். வேட்டைக்குச் சட்டம் வந்ததும் முதலில் அடி வாங்கியது அவர்கள் பிழைப்புதான். நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்குச் சோறு. அப்புறம் ஊசிமணி, பாசிமணி என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. காட்டைக் காப்பாற்றியது சரி. அவர்களுக்கு வேறு வழி காட்ட ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டதைச் சரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது தாத்தா கதை. 1960களின் நடுவில், செஞ்சி பக்கம் சொந்தக்காரர் ஊர். தாத்தாவும் அவருடைய அண்ணனும் கவுதாரிக்குப் போயிருக்கிறார்கள். துப்பாக்கி பெரிய தாத்தா கையில், உள்ளே சின்ன ரவை. பொழுது சாய்கிற நேரம், பாறைக்குக் கீழே ஓடைப் பக்கம் ஒரு கிடா தண்ணிக்கு வந்து நின்றது. முப்பது முப்பத்தஞ்சு கஜம். தாத்தா "வேணாம்ணே, உள்ள இருக்கிறது கவுதாரி ரவை" என்று தோளைப் பிடித்திருக்கிறார். அவர் சுட்டுவிட்டார்.

மான் துள்ளி விழுந்து, எழுந்து ஓடிவிட்டது. பாறையில் ஒரு சொட்டு, இலையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான் ரத்தம். இருட்டுகிற வரை தேடி, விடியற்காலை மறுபடி போய்த் தேடி, கிடைக்கவில்லை. நாலாம் நாள் மாடு மேய்க்கிற பையன்கள் நாற்றம் பிடித்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு கண் போயிருந்ததாம். பின்னங்கால் அடியில் மண் முழுக்க உதைத்து உதைத்துப் பள்ளமாகியிருந்ததாம். அந்தப் பள்ளத்தைத்தான் தாத்தா திரும்பத் திரும்பச் சொல்வார், கையால் ஆழம் காட்டுவார். அதன் பிறகு அவர் மானுக்கு என்று துப்பாக்கி எடுக்கவில்லை. பெரிய தாத்தா எடுத்தார், ஆனால் பெரிய ரவையைத் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு இடுப்பிலேயே வைத்திருப்பாராம். எடுக்கத்தான் முடியாதே, கெட்டித்த பிறகு! இருந்தாலும் வைத்திருந்தார்.

பென்சில்வேனியா போனில் தாத்தா இந்தக் கதையைச் சொல்லவில்லை. "கையில எத்தினி இருக்குதாம்?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொண்ணு, தாத்தா."

"அது போதும்னு சொல்லு. மூணு அட்டையில சுட்டுப் பாக்கச் சொல்லு. மீதி எட்டு இருக்குதில்ல? ஒரு மானுக்கு ஒண்ணு போதும். கிட்ட வரலன்னா சுட வேணாம், அவ்ளோதான்."

அந்த வெள்ளைக்காரரும் ஏற்கனவே அதையேதான் முடிவு செய்திருந்தாராம். டிசம்பர் முடிந்தபோது ஏழு தோட்டா மிச்சம் என்று அண்ணன் சொன்னான். நான் ஒரு கணக்குப் போட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஈயத்திலும் இப்போது அங்கே சண்டை. சுட்ட மானின் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள். அதிலிருக்கும் ஈயத்துகளைத் தின்று கழுகுகள் சாகின்றன. கலிபோர்னியா காண்டோர் என்கிற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1982ல் வெறும் 22 மிச்சம் இருந்தது. அதன் பேரில்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று ஆக்கினார்கள். பதிலுக்குச் செம்புக் குண்டு, விலை கூட. நம்ம ஊர்க் கழுகுகளைக் கொன்றது மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், எங்கள் வீட்டில் லைசென்ஸ் பேச்சு ஓடுகிறது. தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எழுபது தாண்டியவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அப்பாவுக்கு ஆசை, "பரம்பரைச் சொத்துடா" என்கிறார். பன்றித் தொல்லையையும் காரணம் காட்டுகிறார். ஆனால் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுட வனத்துறைக்குத்தான் அதிகாரம், நமக்கில்லை. அதைச் சொன்னால், "சும்மா ஒரு சத்தம் குடுத்தாலே பன்னி ஓடிப்புடும்" என்கிறார். அதற்குத் தீபாவளிப் பட்டாசு போதுமே என்று நான் சொன்னதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

எனக்கு அதைத் திருப்பி ஒப்படைத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. கேப்பு கிடைக்காத, குழல் உள்ளே எப்படி இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, தங்கச்சி இருக்கிற வீட்டில் வேறு, எதற்கு? அதே சமயம் அந்தக் கட்டையில் கொள்ளுத்தாத்தா கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிற இடத்தைத் தடவும்போது எனக்கும் விட மனசில்லை.

போன வாரம் அப்பா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எதற்காகத் துப்பாக்கி என்று ஒரு கேள்வி. 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதப் போனார்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாத்தா கேட்டார்: "எந்தப் பயிருடா? மல்லாட்டைக் கொல்லையத்தான் பிளாட்டு போட வித்துட்டியே."

அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.